கூலரை இறுக்கினால் மதர்போட் ஏன் வளைகிறது? சாவகச்சேரித் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதற்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உள்ள பாவித்த கணினியில் ஐ5-6500 புரோசசரும், இரண்டு ராம் இடங்கள் கொண்ட எச்110 மதர்போட்டும் இருக்கின்றன. புரோசசரின் சூட்டை இறக்கும் பழைய கூலர் இரைகிறது என்று ஏறக்குறைய ஒரு கிலோ நிறையுள்ள டவர் கூலர் ஒன்றை வாங்கி, போட்டை வெளியே எடுக்காமல் கேசிங்குக்குள் வைத்தே பூட்டியிருக்கிறீர்கள். கூலர் ஆடக்கூடாது என்று நான்கு ஆணிகளையும் முடிந்தமட்டும் இறுக்கினீர்கள். இப்போது ஒரு ராம் மட்டுமே தெரிகிறது, பக்கவாட்டில் பார்த்தால் போட் வில்லுப்போல் வளைந்திருக்கிறது, வேலை கொடுத்தால் வெப்பநிலை 80 பாகைக்குக் குறையவும் இல்லை. "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறுக்க வேண்டாம். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள். போட் பழுதாகிவிட்டது என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம், ஏனென்றால் கூலர் பூட்டிய கையோடு ஒரு ராம் காணாமற்போவது, ஆணிகளைத் தளர்த்தியதும் பல வேளைகளில் தானாகவே சீராகிவிடுகின்ற கோளாறு.

மதர்போட் என்பது கண்ணாடி இழையை எப்பொக்சிப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த, பொதுவாக 1.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகடு. மலிவான போட்டுகளில் நான்கு, விலை கூடியவற்றில் ஆறு, எட்டு என்று செப்புப் படைகள் அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன. இந்தத் தகடு ஓரளவு வளைந்து கொடுக்கும், விட்டால் திரும்பியும் வரும். வளைந்து கொடுக்காதவை அதன்மேல் ஈயத்தால் ஒட்டப்பட்டிருக்கும் பொருட்கள். புரோசசர் உட்காரும் சொக்கெட்டைச் சுற்றி அரிசிக் குறுணலிலும் சிறிதாகத் தெரிகின்ற மண்ணிறக் கட்டிகள் பீங்கான் கொள்ளளவிகள், அதாவது கப்பாசிற்றர்கள். பீங்கான் கோப்பை எப்படி வளையாமல் உடைகிறதோ, அவையும் அப்படியே உடைகின்றன. சொக்கெட்டுக்கும், போட்டின் மற்றப் பாகங்களை இணைக்கும் சிப்செட்டுக்கும் அடியில் வரிசை வரிசையாக ஈயக் குண்டுகள் இருக்கின்றன. போட் வளையும்போது ஓரத்துக் குண்டுகளில் மயிரிழை வெடிப்பு விழுந்தால், கணினி சூடாகும்போது ஒரு குணமும் ஆறும்போது வேறொரு குணமும் காட்டும். அந்த வகைக் கோளாறைத் தேடிப் பிடிப்பதற்குள் திருத்துபவருடைய பொறுமையும் உங்களுடைய காசும் முடிந்துவிடும்.

வளைவு எங்கிருந்து வருகிறது என்பதைக் கையால் செய்து பார்த்தால் உடனே விளங்கும். ஒரு மெல்லிய மட்டையின் நான்கு மூலைகளையும் மேல்நோக்கி இழுத்துக்கொண்டு நடுவில் பெருவிரலால் கீழ்நோக்கி அழுத்துங்கள். கூலர் செய்வது இதைத்தான். நடுவில் புரோசசரை அழுத்துகிறது, அதே விசையால் நான்கு துளைகளையும் தன் பக்கம் இழுக்கிறது. இந்த இழுவையை ஏற்கவேண்டியது போட்டின் பின்புறம் வைக்கப்படும் உருக்குத் தகடு, அதாவது பாக்பிளேட். அது சரியாகப் பொருந்தியிருந்தால் ஆணிகள் தகட்டை இழுக்கும், தகடு சொக்கெட்டைப் பின்னாலிருந்து தாங்கும், போட் இரண்டுக்கும் நடுவே சும்மா இருக்கும். பாக்பிளேட் பிழையாக வைக்கப்பட்டாலோ, இல்லாமலே போனாலோ போட்டே வில்லாக மாறி அந்த வேலையைச் செய்யத் தொடங்குகிறது. நான் எந்தக் கூலரைக் கையில் எடுத்தாலும் முதலில் தேடுவது அதன் பாக்பிளேட்டைத்தான்.

இனி ராம் ஏன் மறைந்தது என்பதற்கு வருகிறேன். உங்கள் சொக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151. அந்த எண், சொக்கெட்டுக்குள் இருக்கும் தொடுகைகளின் தொகை. 1151 நுண்ணிய வில்லூசிகள் புரோசசரின் அடிப்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. ராமைக் கட்டுப்படுத்தும் பகுதியை இன்டெல் 2008 ஆம் ஆண்டிலிருந்து மதர்போட்டின் சிப்செட்டிலிருந்து எடுத்துப் புரோசசருக்குள்ளேயே வைக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே ராமுக்குப் போகும் கம்பிவழிகள் எல்லாம் இந்த ஊசிகளின் ஊடாகத்தான் போகவேண்டும். கூலர் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் இறுகியிருந்தால், குறைந்த பக்கத்தில் சில ஊசிகள் முழுமையாகத் தொடாமல் விட்டுவிடும். அவை ஒரு ராம் இடத்துக்குரியவையாக இருந்தால் அந்த இடம் செத்ததுபோல் காட்டும். சிலருக்கு இதே காரணத்தால் கிராபிக்ஸ் அட்டை தெரியாமற்போகிறது, சிலருக்குக் கணினி இயங்கவே மறுக்கிறது.

கூட இறுக்கினால் கூடக் குளிரும் என்ற எண்ணம் பொதுவானது. புரோசசரின் மூடியும் கூலரின் அடித்தகடும் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடுபள்ளங்கள் கொண்டவை. அந்தப் பள்ளங்களில் காற்று நில்லாமல் நிரப்புவதற்காகவே தேர்மல் பேஸ்ட் பூசுகிறோம். அழுத்தம் கூடக்கூடப் பேஸ்ட் படை மெலிகிறது, வெப்பம் கடப்பது இலகுவாகிறது. ஒரு கட்டத்துக்குப் பிறகு மெலிவதற்குப் பேஸ்ட் மிச்சமில்லை, அதற்குமேல் போடுகின்ற ஒவ்வொரு முறுக்கும் போட்டுக்குப் போகிறதே தவிரக் குளிர்ச்சிக்குப் போவதில்லை. ஐ5-6500 வெறும் 65 வாற் புரோசசர். ஒரு கிலோ டவர் கூலர் அதற்குத் தேவைக்கு மிஞ்சிய உபகரணம். எங்கள் வீடுகளில் பங்குனி, சித்திரையில் அறை 32 பாகையில் இருந்தாலும், அந்தக் கூலரின் கீழ் இந்தப் புரோசசர் 80 பாகையைத் தொட்டால், அடித்தகடு மட்டமாக உட்காரவில்லை என்று பொருள். அல்லது அடித்தகட்டில் ஒட்டி வரும் மெல்லிய பிளாஸ்ரிக் உறையை நீங்கள் உரிக்காமல் விட்டிருக்கலாம். சிரிக்காதீர்கள், அந்த உறையோடு ஒரு வருடம் ஓடிய கணினியை நானே திறந்திருக்கிறேன்.

பாக்பிளேட் இல்லாத ஒரு வகையும் உண்டு. 2004 இல் எல்ஜிஏ 775 சொக்கெட்டோடு வந்த, இன்டெல் புரோசசர்ப் பெட்டிக்குள்ளேயே தருகின்ற நான்கு கால் கூலரைத்தான் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் கைமாறும் பாவித்த கணினிகளில் பெரும்பாலும் இதைத்தான் காண்கிறோம். ஒவ்வொரு காலிலும் இரண்டாகப் பிளந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் ஊசியும், அதற்குள் இறங்குகின்ற கறுப்பு ஊசியும் இருக்கின்றன. முதலில் வெள்ளை ஊசி துளைக்குள் போகும், பிறகு கறுப்பு ஊசி அதன் நடுவில் இறங்கிப் பிளவை விரித்துப் பின்புறத்தில் கொளுவிக்கொள்ளும். மேலே இருக்கும் கறுப்புத் தொப்பியில் ஓர் அம்புக்குறி உண்டு. அது இறுக்கும் திசையைக் காட்டுகிறது என்று நினைக்காதவர் குறைவு. உண்மையில் அது கழற்றும் திசை. பூட்டுவதற்கு முன் நான்கு தொப்பிகளையும் அம்புக்கு எதிர்த்திசையில் கடைசிவரை திருப்பி வைத்திருக்க வேண்டும்.

இந்த அம்புக்குறிக்கு நான் கொடுத்த விலையையும் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மாணவருடைய அறையில், நிமிர்த்தி வைத்த கேசிங்குக்குள் கையை விட்டு இந்தக் கூலரைப் பூட்டினேன். மூன்று கால்கள் இறங்கின, நான்காவது இறங்கவில்லை. தொப்பி திரும்பியிருப்பதைக் கவனிக்காமல் பெருவிரலை வைத்து முழுப் பலத்தையும் போட்டேன். 'டிக்' என்று கேட்கவேண்டிய இடத்தில், காய்ந்த பனையோலை மடிவதுபோல் ஓர் ஒலி கேட்டது. கணினி ஓடியது, மூன்று நாள் ஓடியது. நாலாம் நாள் தானாக நின்று நின்று தொடங்கியது. மணிக்கூடு திருத்துபவர்கள் கண்ணில் கொளுவும் உருப்பெருக்கியை வாங்கி வைத்துப் பார்த்தபோது, அந்த நான்காவது துளைக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் கட்டி குறுக்காக வெடித்திருந்தது. வேறு போட் வாங்கிக் கொடுத்தேன்.

இந்த வகைக் கூலரில் போட் சிறிதளவு வளைவது அதன் அமைப்பிலேயே உள்ள இயல்பு, அதற்காகப் பதற வேண்டியதில்லை. பதற வேண்டியது, பூட்டும்போது பின்னால் தாங்கல் இல்லாமல் அமுக்குவதற்குத்தான். போட் வெளியே இருந்தால் அதன் பெட்டியின் மேல் வையுங்கள், ஊசிகள் பின்புறம் வெளிவர இடமிருக்க வேண்டும். உள்ளேயே இருந்து, கேசிங்கின் தட்டில் சொக்கெட்டுக்கு நேரே வெட்டு இருந்தால், பக்கமூடியைக் கழற்றி மற்றக் கையின் உள்ளங்கையால் பின்னாலிருந்து தாங்குங்கள். எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டு கால்களை அமுக்குங்கள். பிறகு பின்புறத்தைப் பார்த்து, நான்கிலும் வெள்ளைப் பிளவுக்கு நடுவே கறுப்பு ஊசி தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்றில் தெரியாவிட்டால் அந்த மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது.

உங்கள் டவர் கூலர் ஆணியும் பாக்பிளேட்டும் கொண்ட வகை. அதைப் பூட்டுவதற்கு மதர்போட்டைக் கட்டாயம் வெளியே எடுங்கள். அரை மணித்தியாலம் கூடுதலாகப் போகும், போகட்டும். மேசையில் மதர்போட் பெட்டியையோ தடித்த மட்டையையோ விரித்து அதன்மேல் வையுங்கள். ரெஜிபோம் வேண்டாம், அது நிலைமின்னைச் சேர்க்கும், நடுவில் அமுங்கவும் செய்யும். ராமையும் முதலில் கழற்றிவிடுங்கள், கை தட்டுப்பட்டால் அந்த இடமும் சேர்ந்து நெளியும்.

பாக்பிளேட்டில் பல துளைகள் இருக்கும். எல்ஜிஏ 775 இல் கூலர்த் துளைகளுக்கு இடையேயான தூரம் 72 மில்லிமீற்றர், உங்களுடைய 1151 உட்பட 115 இல் தொடங்கும் சொக்கெட்டுகளில் 75, எல்ஜிஏ 1700 இல் 78. மூன்று மில்லிமீற்றர் தானே என்று பக்கத்துத் துளையில் விட்ட ஆணி சரிந்து நின்று, இறுக்கும்போது போட்டைப் பக்கவாட்டில் இழுக்கும். ஆணி நேராக, விரலால் திருகும்போதே தடையின்றி உள்ளே போகவேண்டும். போகாவிட்டால் துளை பிழை.

அடுத்து வருவதுதான் ஆட்களை ஏமாற்றும் இடம். கூலரை வைப்பதற்கு முன், வெறும் பாக்பிளேட்டையும் அதன் தூண்களையும் பூட்டியவுடன், அது சிறிது லொடலொடக்கும். பல கூலர்களில் அது அப்படித்தான் இருக்கவேண்டும், கூலர் வந்து உட்கார்ந்த பின்னரே அந்த இடைவெளி மூடும். அந்த ஆட்டம் பொறுக்காமல் இடையில் மட்டைத்துண்டு செருகுபவர்களையும், கூடுதல் வளையம் போடுபவர்களையும் கண்டிருக்கிறேன். செருகிய தடிப்பின் அளவுக்கு, ஆணியைச் சுற்றியுள்ள வில்சுருள் கூடுதலாக நெரிபடும், அவ்வளவும் போட்டின் தலையில். பெட்டியில் தந்த வளையங்களை, குறிப்பேடு சொல்லும் பக்கத்தில் மாத்திரம் போடுங்கள். மின்கடத்தாத மென்படை பாக்பிளேட்டில் ஒட்டியிருந்தால் அதை உரிக்க வேண்டாம்.

பேஸ்ட் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. பழையதை முழுவதும் துடைத்து, நடுவில் ஒரு கடலைப்பருப்பளவு வைத்தால் போதும்.

இறுக்குவதற்கு நீங்கள் அறிந்த உதாரணமே இருக்கிறது. இணுவில், அளவெட்டிப் பக்கத்தில் தவிலுக்குச் சுரையாணி முடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கத்துச் சுரையை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் தோல் ஒருபக்கம் இழுபட்டு நாதம் கெட்டுவிடும் என்பதால், சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாகவே முடுக்குவார்கள். இங்கும் முதலில் எல்லா ஆணிகளையும் விரலால் இரண்டு மூன்று சுற்றுப் பிடிக்கவிடுங்கள். பிறகு திருப்புளியால் ஒன்றுக்கு ஒரு சுற்று, உடனே அதன் எதிர்மூலைக்கு ஒரு சுற்று, பின்னர் மற்ற இரண்டுக்கும். கடைசிப் பகுதியில் அரைச் சுற்று. தரமான கூலர்களில் ஆணி ஓர் இடத்தில் திடீரென்று நின்றுவிடும், ஏனென்றால் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வில்சுருள், நீங்கள் அல்ல. அந்த நிறுத்தத்தை உணர்ந்ததும் கையை எடுத்துவிடவேண்டும். நொக்டுவா நிறுவனம் தன் கூலர்களுக்கு 0.6 நியூற்றன் மீற்றருக்கு மேல் முறுக்கவேண்டாம் என்கிறது. திருப்புளியின் பிடியை உள்ளங்கையால் பற்றாமல், பெருவிரலும் இரண்டு விரல்களும் மாத்திரம் வைத்துத் திருகினால் அந்த அளவுக்கு மேலே போவது கடினம். மின்சாரத் திருப்புளியை இந்த வேலைக்குத் தொடவே கூடாது.

நிறுத்தம் இல்லாத மலிவுக் கூலர்களில்தான் சிக்கல், திருகத் திருக ஆணி போய்க்கொண்டே இருக்கும். உங்களுடையது அந்த வகையாக இருக்கும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் நான்குக்கும் சுற்றுகளை எண்ணிச் சமமாகப் போடுங்கள். சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன்னமே நிறுத்துங்கள். கூலரைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பார்க்கும்போது அது வழுக்காமல் நின்றால் போதும். பிறகு கணினியைப் போட்டு வெப்பநிலையைப் பார்த்து, குறையவில்லை என்றால் மாத்திரம் எல்லாவற்றிலும் கால் சுற்றுக் கூட்டலாம். கூட்டியும் மாற்றம் இல்லையென்றால் அந்தக் கால் சுற்றைத் திரும்ப எடுத்துவிடுங்கள்.

உங்கள் புரோசசருக்கென்று தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. அது 2015 இல் வந்த ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தது. அந்தத் தலைமுறையில் புரோசசரின் பச்சை அடிப்பலகையை இன்டெல் முன்னையதிலும் மெலிதாக்கியது. பாரமான கூலரோடு கொண்டுபோகும்போது குலுக்கம் பட்டுப் புரோசசரின் ஓரம் வளைந்து, சொக்கெட் ஊசிகளும் சிதைந்த சம்பவங்கள் அந்த ஆண்டின் இறுதியில் வெளிவந்தன. சைத் என்ற ஜப்பானியக் கூலர் நிறுவனம் தன் சில கூலர்களுக்கு அழுத்தம் குறைந்த மாற்று ஆணிகளை இலவசமாகக் கொடுக்க முன்வந்ததும் அதன் பின்னர்தான். ஆகவே பழைய நான்காம் தலைமுறைக் கணினியில் தாங்கிய இறுக்கம் இதிலும் தாங்கும் என்று கணக்குப் போடவேண்டாம்.

குலுக்கம் என்றதும் எனக்கு யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதிதான் நினைவுக்கு வருகிறது. நொக்டுவாவின் என்எச்-டி15 கூலர் விசிறிகளோடு 1320 கிராம். நிமிர்த்திய கேசிங்கில் அந்தப் பாரம் போட்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு தொங்குகிறது. ஒன்றேகால் கிலோ அரிசிப் பையை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள், அந்த நான்கு துளைகளின் நிலை தெரியும். அசையாமல் வீட்டில் இருக்கும்வரை பாக்பிளேட் அதைச் சுமக்கும். கொழும்பிலிருந்து பூட்டிய கணினியைப் பேருந்தில் போட்டு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கொண்டுவரும்போது, ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பாரம் பல மடங்காகி இழுக்கும். கூலரைக் கழற்றிக் கொண்டுவருவது உத்தமம். முடியாவிட்டால் மதர்போட் கிடையாக, கூலர் வானத்தைப் பார்க்கும்படி கேசிங்கைப் படுக்கவையுங்கள்.

புதிய கணினி வாங்க நினைப்பவர்களுக்காக இரண்டொன்று. 2021 இல் வந்த எல்ஜிஏ 1700 இல் புரோசசர் நீள்சதுரம். அதை அழுத்திப் பிடிக்கும் சொக்கெட் சட்டம் நீளப் பக்கங்களின் நடுவில் மட்டும் அழுத்துவதால் புரோசசரே சிறிது குழிந்துவிடுகிறது. அதற்கு மாற்றாகச் சமச்சட்டங்கள் விற்கிறார்கள். நன்றாக வேலை செய்யக்கூடியவைதான், ஆனால் அவற்றின் ஆணிகளை சிறிதளவு அதிகமாக இறுக்கினாலே மறுபடியும் ராம் காணாமற்போகும் கதை. அந்தக் குழிவு தங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறது, சட்டத்தை மாற்றினால் உத்தரவாதம் போகும் என்பது இன்டெலின் நிலைப்பாடு. ஐ3, ஐ5 வைத்திருப்பவர்கள் அதைத் தொடாமல் விடுவதே நல்லது என்பது என் கருத்து. ஏஎம்டி நிறுவனத்துப் புரோசசர்களுக்கான ஏஎம்4 சொக்கெட் போட்டுகளில் முன்பக்கத்துப் பிளாஸ்ரிக் கொளுவிகளின் ஆணிகளைக் கழற்றியதும் பாக்பிளேட் பின்னால் விழுந்துவிடும், ஒரு கையால் பிடித்திருங்கள். அந்தக் கூலரைக் கழற்றும்போது நேரே இழுத்தால் காய்ந்த பேஸ்ட் புரோசசரையும் அதன் அடியிலுள்ள 1331 ஊசிகளோடு பிடுங்கிக்கொண்டு வரும். கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி நிறுத்தி, கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகிவிட்டுத் தூக்குங்கள்.

இப்போது உங்கள் போட்டுக்கு வருவோம். நான்கு ஆணிகளையும் எதிரெதிராக அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுக் கணினியைப் போட்டுப் பாருங்கள். மற்ற ராம் தெரிந்துவிட்டால் நோய் பிடிபட்டுவிட்டது. எப்படியானாலும் அதோடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் கழற்றி, போட்டை வெளியே எடுத்து, ஒரு நேர்விளிம்புள்ள அடிமட்டத்தைச் சொக்கெட்டின் பின்புறத்துக்குக் குறுக்கே வைத்து வளைவு மீண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓரிரவு மட்டமான மேசையில் கிடந்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். மேலே பாரம் வைத்தோ சூடாக்கியோ நிமிர்த்த முயல வேண்டாம். புரோசசரை எடுத்துவிட்டு, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்துச் சொக்கெட் ஊசிகளைப் பாருங்கள். எல்லா ஊசிகளின் நுனிகளும் ஒரே கோட்டில் மினுங்கவேண்டும், ஒன்றிரண்டு வேறு பக்கம் மினுங்கினால் அவை வளைந்திருக்கின்றன. புரோசசரின் நான்கு ஓரங்களிலும் அதே அடிமட்டத்தை மெதுவாக வைத்து, அவை வளையாமல் நேராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்து, மேலே சொன்னபடி பூட்டிய பிறகும் அந்த ராம் இடம் உயிர் பெறாவிட்டால் கோளாறு ஈயத்திலோ கொள்ளளவியிலோ இருக்கிறது, அதற்குக் கண்ணும் கருவியும் உள்ள திருத்துபவர் வேண்டும். போட்டை அவரிடம் கொண்டுபோகும்போது கூலரைக் கழற்றிவிட்டு, புரோசசரைத் தனியாகப் பொதிந்து, சொக்கெட்டைக் கறுப்பு மூடியால் மூடிக் கொண்டுபோங்கள். மூடி இல்லையென்றால் திருத்துபவரிடமே பழைய மூடி ஒன்று கேட்டு வாங்குங்கள், அவர்களுடைய மேசை இலாச்சிகளில் அது நிறையக் கிடக்கும்.